ஆணிவாயரின் ஈரல்

டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஆணிவாயர் வார்டில் பாதிப் பேரின் பல்லைத் தன் மகளுக்குக் காட்ட வைத்துவிட்டார்.

"வெக்கப்படாதீங்க. நல்லா ஆன்னு காட்டுங்க. என் பொண்ணுதான். சொந்தமா கிளினிக் வெச்சிருக்கா."

பக்கத்துப் படுக்கைக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பித்தப்பைக் கல்லுக்காகச் சேர்ந்தவர். தனக்கும் பல்லுக்கும் ஒரு தகராறும் இல்லை என்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இன்று வாயைத் திறந்துவிட்டார்.

"கீழ்வரிசையில கறை நிறைய இருக்கு சார். ஒருதரம் சுத்தம் பண்ணிக்கலாம்," என்றாள் அந்த மகள், வீட்டுக்குச் சின்னவள்.

"பாத்தீங்களா, விளக்குகூட அடிக்கல. கண்ணாலயே சொல்லிட்டா," என்றார் அப்பா. அவர் விலாப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, கட்டில் ஓரத்தில் தொங்கிய பைக்குள் போயிற்று. பையில் இருந்ததை அவர் பார்ப்பதில்லை. தன் உடம்பிலிருந்து அப்படி ஒன்று வருவதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஆணிவாயர் என்பது தெரு வைத்த பெயர். சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஞ்சு வைத்து உறை இழுத்து அடிக்கும் குஷன் வேலை அவருக்கு. சின்ன ஆணிகளை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒன்றைத் திருப்பி, தலை வெளியே தெரியும்படி உதட்டுக்கு அனுப்புவார். காந்தம் வைத்த சுத்தி உதட்டருகே போகும், ஆணியோடு திரும்பும், ஒரே தட்டு. இடக்கை துணியை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். வேலை நேரத்தில் வாய் நிறைந்திருப்பதால் பேச்சு கிடையாது. மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் மற்ற நேரத்தில் செலவழித்துவிடுவார். அதில் பெரும்பகுதி மகளைப் பற்றியது.

குளிர்காய்ச்சலோடு அவர் நடுங்கிக் கிடந்ததும், வலது விலாவுக்குக் கீழே வந்த வலிக்கு 'வாயுப் பிடிப்பு' என்று அவரே தீர்ப்பு எழுதியதும், சின்னவளின் அண்ணன் ஆட்டோ பிடித்துத் தூக்கி வந்து சேர்த்ததும் போன வாரக் கதை. ஸ்கேனில் ஈரலுக்குள் ஒரு சீழ்க்கட்டி தெரிந்தது. குழாய் போட்டுச் சீழை வடித்து, அது என்ன கிருமி என்று பார்க்கச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இன்று வரும்.

அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று இந்த வார்டில் ஒருத்திக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு பயம் இருந்தது.

சில வாரங்களுக்கு முன் அப்பாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தவள் அவள்தான். கிளினிக் நாற்காலிக்கு உறை தைத்தவர் அப்பா. அதில் முதல் ஆளாக ஏறி உட்காருவேன் என்று அடம் பிடித்தவரும் அவரே. பல்லைத் தொடும்போது வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறி, எப்போதாவது யாருக்கோ ஈரலில் போய் உட்கார்ந்து சீழ் பிடிக்கலாம் என்று கல்லூரியில் ஒரே ஒரு வரி படித்திருக்கிறாள். பரீட்சைக்குக்கூடக் கேட்கமாட்டார்கள் என்று தாண்டிப் போன வரி. ஸ்கேன் படத்தில் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்த கணத்தில் அந்த வரி நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வேறு எதுவாகவாவது இருக்கட்டும் என்று காத்திருந்தாள்.

ஈரல் டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். சிரிப்பை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்.

"காய்ச்சல் விட்டுடுச்சு. நல்லது," என்றார் பேப்பரைப் புரட்டியபடி. "என்ன கிருமின்னும் தெரிஞ்சுபோச்சு. வழக்கமா ஈரல்ல சீழ் வெச்சா குடல்லேர்ந்தோ பித்தப்பையிலேர்ந்தோ வந்திருக்கும். உங்களுக்கு ரெண்டுமே சுத்தம். சர்க்கரையும் இல்ல. இது வாயில குடியிருக்கிற கிருமி. அங்க இருந்தா யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஈரல்ல இதுக்கு என்ன வேலைன்னுதான் யோசிக்கறேன்."

"ஊர் சுத்தக் கெளம்பியிருக்கும் டாக்டர்," என்றார் அப்பா.

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சமீபத்துல பல்லுக்கு ஏதாவது வைத்தியம் பண்ணிக்கிட்டீங்களா?"

சின்னவள் வாயெடுத்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"பல்லா? பல்லு கல்லு மாதிரி இருக்கு. இது ஆணி பண்ணின வேலை."

"ஆணியா?"

அவ்வளவுதான். சுத்தி பிடிக்கும் கை மேலே வந்தது, உதடு குவிந்தது, இல்லாத ஆணி ஒன்று உதட்டிலிருந்து சுத்திக்குத் தாவி மெத்தை ஓரத்தில் இறங்கியது. ஆணி எந்தக் கடையில் எந்தச் சாக்கில் கிடக்கும், எலி எப்படி அதன்மேல் ஓடும், மழைக்காலத்தில் எப்படித் துருப்பிடிக்கும் என்று விலாவாரியாகச் சொன்னார். டாக்டருடன் வந்த பயிற்சி டாக்டர் முகம் சுளித்தார்.

"இவர் சொல்றது நிஜமா?" என்று டாக்டர் அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க டாக்டர். பேரே அதுதான்."

அதற்குள் நர்ஸ் ஓடி வந்து அடுத்த வார்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டாள். "சரி, அப்புறம் பேசலாம்," என்று டாக்டர் நகர்ந்தார்.

சின்னவளுக்கு அப்போது வந்தது நிம்மதி. அப்படி வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனால் வந்தது நிம்மதிதான். அந்தப் பல்லுக்கு மேலே மூடி போடும்வரை ஆணியை வாயில் வைக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். 'சரி சரி' என்று அவர் தலையாட்டியபோதே கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை. ஆக, இது அவர் இழுத்துக்கொண்டது.

லிஃப்ட் பக்கத்தில் காபி இயந்திரத்தின் முன்னால் அண்ணன் நின்றிருந்தான். ஒரு கோப்பையை அவளிடம் நீட்டினான்.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி தெளிஞ்சுபோச்சு?"

"எரிச்சலா வருதுண்ணா. எத்தனை தடவை சொன்னேன், ஆணி கூடாது கூடாதுன்னு. சொந்தப் பொண்ணு சொல்றதைக் காதுல வாங்கினாத்தானே."

அண்ணன் காபியை ஊதினான். குடிக்கவில்லை.

"வாங்கினார்."

"எதை?"

"காதுல. நீ சொன்ன நாள்லேர்ந்து ஒரு ஆணிகூட அவர் வாய்க்குள்ள போகல."

அவள் கோப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு டப்பா மூடியை ரப்பர் போட்டு மணிக்கட்டுல கட்டிக்கிட்டார். அதுல ஆணியைக் கொட்டி ஒவ்வொண்ணாப் பொறுக்கி அடிக்கறார். பழக்கமில்லாத வேலை, கை தடுமாறுது. துணியை விட்டா ஆணி விழுது, ஆணியைப் பிடிச்சா துணி நழுவுது. கட்டைவிரல் நகம் கறுத்திருக்கே, பாக்கலையா நீ? நான்கூடக் கிண்டல் பண்ணினேன், புதுசா வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி இருக்கீங்கன்னு. 'எங்க டாக்டர் சொல்லியிருக்கா'ன்னார். கஸ்டமர் வந்து சோபா எங்கன்னு கத்தினாலும் அதே பதில். டாக்டர் சொல்லியிருக்கா, லேட்டாத்தான் ஆகும்."

அவள் நகத்தைப் பார்த்திருந்தாள். ஆணியை வாயில் வைத்து அடித்தும் சுத்தி கட்டைவிரலில் பட்டிருக்கிறது, வயதாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? பேரு அதுதான்னு சொன்னேன். பேரு அதுதானே." பிறகு குரல் இறங்கியது. "ஜாடை காட்டறாரு, நான் என்ன பண்றது? உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு துடிக்கறாரு. கிளினிக் தொறந்து எத்தனை நாளாச்சு? பெத்த அப்பனுக்கே ஈரல்ல சீழ் வர வெச்சான்னு ஒருத்தர் ஆரம்பிச்சா போதும்."

"உனக்கும் அந்தப் பயமா?"

அண்ணன் நேராகப் பார்த்தான். "எனக்கும்தான். இன்னிக்கு அத்தை வராங்க. நாள் குறிக்கற வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்னு தோணுச்சு. தப்புதான். ஆனா தோணுச்சு."

அத்தை என்று அவன் இப்போதே முறை சொல்லிக் கூப்பிடுவது, அவனுக்குப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் அம்மாவை. தெருமுனையில் மருந்துக்கடை. பல்வலி என்று மாத்திரை கேட்டு வருகிறவர்களை எல்லாம் "மாத்திரை எதுக்கு, போய்ப் பல்லைக் காட்டு" என்று கிளினிக்குக்கு அனுப்புகிறவர் அவர்தான். தன் பல்லையும் கொண்டு வந்து காட்டியிருந்தார். அதுவும் ரூட் கெனால்தான், பாதி முடிந்திருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் தெருவே வரும். ஒரு வார்த்தை சொன்னால் தெருவே வராமலும் போகும்.

சின்னவள் காபியை ஜன்னல் திட்டில் வைத்தாள். அவளுக்கு உறைத்தது வேறொன்று. ஆணிதான் காரணம் என்று எழுதிவிட்டால் அந்தப் பல்லை யாரும் பார்க்கமாட்டார்கள். வேருக்கு அடியில் இன்னும் ஏதாவது மிச்சமிருந்தால், மருந்தை நிறுத்தியதும் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அடுத்த தடவை ஆட்டோ நேரத்துக்குக் கிடைக்காமல் போகலாம்.

"எங்க போறே?"

"டாக்டர் ரூமுக்கு."

அண்ணன் தடுக்கவில்லை. அவள் வைத்த காபியையும் எடுத்துக் குடித்தான்.

ஈரல் டாக்டர் நின்றபடியே கேட்டார். எந்தப் பல், எப்போது, எத்தனை முறை உட்கார வைத்தாள், வேர் எவ்வளவு கெட்டிருந்தது, எப்படிக் கழுவினாள் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தானாக நிமிர்ந்தது. வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்பது அவளுக்கே இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க தப்புப் பண்ணினீங்கன்னு கிருமி சொல்லலை. எங்கேர்ந்து வந்தேன்னு மட்டும்தான் சொல்லுது," என்றார் அவர். "பல் தேய்க்கும்போதுகூட வாய்க்கிருமி கொஞ்சம் ரத்தத்துல போகத்தான் செய்யும். உடம்பு அதை அங்கயே முடிச்சுடும். எப்பவோ ஒருத்தருக்கு முடிக்காம விட்டுடுது. ஏன் உங்க அப்பாவுக்கு விட்டுதுன்னு கேட்டா எனக்கும் தெரியாது."

"பல்லைப் பாக்கணும் டாக்டர்."

"இன்னிக்கே எக்ஸ்ரே எடுத்துடலாம். எங்க பல் பிரிவு பாக்கட்டும். நீங்க பக்கத்துல இருங்க, கையை வெக்காதீங்க." கதவுவரை வந்தவர் நின்றார். "நான் ஆணின்னே எழுதிட்டுப் போயிருப்பேன். அந்த மனுஷர் அவ்வளவு நல்லாச் சொன்னார்."

இதை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பதை அவர் அவளிடமே விட்டுவிட்டார்.

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் மருந்துக்கடை அம்மா வந்தார். கையில் ஆப்பிள் பை. ஆளைப் பார்க்குமுன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தொங்கிய மருந்துப் பாட்டிலின் லேபிளைப் படித்தார். பிறகு மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

"இளைச்சுப் போயிட்டீங்களே சம்பந்தி. மாப்பிள்ளை, அந்த ஸ்டூலை இப்படிப் போடுங்க."

அண்ணன் ஸ்டூலைப் போட்டுத் துண்டால் தட்டியும் விட்டான்.

"நல்ல மருந்துதான் போடறாங்க," என்றார் உட்கார்ந்தபடி. "ஆனா ஈரல்ல சீழ் எங்கேர்ந்து வந்தது? குடிக்கற ஆளும் இல்ல நீங்க."

அப்பா இதற்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். கை மேலே வந்தது. உதடு குவிந்தது. இந்த முறை கதையில் எலி இரண்டாகியிருந்தது. கண்டக்டர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுக் கேட்டார். அவருக்கு இது இரண்டாவது காட்சி.

"ஆமாவா?" என்று மருந்துக்கடை அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டினான். ஆட்டினான் என்று சொல்லமுடியாத அளவுக்கு ஆட்டினான்.

"நல்லா இருக்கே கதை. வீட்டுலயே பல் டாக்டரை வெச்சுக்கிட்டு வாயில ஆணியைப் போட்டுக்கறதா? அவ ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம என்ன. தலைபாடா அடிச்சுக்கிட்டா." அப்பா மகளைப் பார்க்காமலே பேசினார். "நான்தான் கேக்கல. அவமேல ஒரு குத்தமும் இல்ல. பொண்ணு சொல்றதைக் கேட்டு நடக்கற புத்தி எனக்கு என்னிக்கு இருந்தது?"

டாக்டர் அறையிலிருந்து வந்தது முதல் சின்னவள் ஜன்னலோரம் நின்று, நாளைக்குச் சொல்லலாம், தனியாகப் பார்த்துச் சொல்லலாம், அண்ணன் பாவம் என்று தனக்குத்தானே தவணை கேட்டுக்கொண்டிருந்தாள். ஆணிக் கதையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இதைப் பொறுக்கமுடியவில்லை.

"அப்பா கேட்டார்," என்றாள்.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"நான் சொன்னதைக் கேட்டார் அத்தை. அன்னியிலேர்ந்து ஒரு ஆணிகூட வாயில வெக்கல. அவர் விரலைப் பாருங்க, தெரியும். சீழ் ஆணியால வரல. நான் பண்ணின ரூட் கெனாலுக்கு அப்புறம் வந்தது. பல்லுலேர்ந்து கிருமி ரத்தத்துல போயிருக்கு. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏம்மா, சும்மா இரேன்," என்றார் அப்பா. பத்து ஊசிக்கு முனகாதவர், இதற்கு முனகினார்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மருந்துக்கடை அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் அதே வைத்தியம்தானே பண்றே?"

"ஆமா."

"அப்போ எனக்கும் வருமா?"

"வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழ வலி, சாப்பாடு வேண்டாம்னு இருக்கறது, இதுல எது வந்தாலும் வாயுன்னு விடாதீங்க. அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க. இந்த வைத்தியம் பண்ணிக்கிட்ட எல்லாருக்கும் இன்னிக்கு நானே போன் பண்ணிச் சொல்லப்போறேன்."

"முன்கூட்டியே ஆன்டிபயாடிக் குடுத்திருந்தா உங்க அப்பாவுக்கு இது வந்திருக்காதே. ஏன் குடுக்கல?"

"இதய வால்வு மாத்தினவங்க மாதிரி சிலருக்குத்தான் குடுப்போம். நல்லா இருக்கறவங்களுக்கு எல்லாம் குடுத்தா நல்லதைவிடக் கெடுதல் ஜாஸ்தி. அது உங்களுக்கே தெரியும் அத்தை."

"தெரியும். நீ சொல்றியான்னு பாத்தேன்."

கண்டக்டர் பேப்பரின் பக்கத்தைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தார்.

"வேற டாக்டர்கிட்டப் போகணும்னு தோணினா தாராளமாப் போங்க," என்றாள் சின்னவள். "பாதியில நிக்கற பல்லு, விட்டுடக் கூடாது. எக்ஸ்ரேயோட எல்லா விவரத்தையும் நானே எழுதிக் குடுக்கறேன்."

மருந்துக்கடை அம்மா எழுந்தார். ஆப்பிள் பையை மேசைமேல் வைத்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். கதவுப் பக்கம் போகிறார் என்று எல்லோரும் நினைத்தபோது சின்னவள் எதிரில் வந்து நின்றார்.

"என்னை என்னிக்கு வரச் சொல்லியிருந்தே?"

"புதன்கிழமை."

"வர்றேன். முப்பது வருஷமா டாக்டருங்க சீட்டைப் பாத்து மருந்து எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன். சரியாப் போனதைச் சொல்லிக்கற டாக்டருங்களைத் தினம் பாக்கறேன். இப்படி ஆயிடுச்சுன்னு யாரும் கேக்காம வந்து சொன்னவளை இன்னிக்குத்தான் பாக்கறேன். என் வாயை உன்கிட்டத்தான் தொறப்பேன். கடைக்கு வர்றவங்களையும் உன்கிட்டத்தான் அனுப்புவேன், இதையும் சொல்லியே அனுப்புவேன்."

அப்பாவுக்கு மூச்சு வந்தது. தலையணையில் சாய்ந்தார். அண்ணன் முகத்திலும் ரத்தம் திரும்பியது. சிரிக்கப் பார்த்தான்.

"ஆனா பொண்ணு குடுக்கறது வேற," என்றார் மருந்துக்கடை அம்மா.

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒரு விஷயம் ஏடாகூடமா ஆனா, இந்த வீட்டு ஆம்பளைங்க கூடி உக்காந்து ஒரு கதை கட்டுவாங்கன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். நல்ல எண்ணத்துலதான் கட்டறீங்க, புரியுது. ஆனா நாளைக்கு என் பொண்ணு இந்த வீட்டுக்கு வந்து எதையாவது கேட்டா, அவளுக்கும் இதே மாதிரி எலி, துருன்னு ஏதோ ஒண்ணு சொல்லுவீங்க. பக்கத்துல நின்னு தலையாட்டவும் ஆள் இருக்கு." அண்ணனைப் பார்த்தார். "இல்லையா தம்பி?"

ஸ்டூல் போடச் சொன்னபோது மாப்பிள்ளையாக இருந்தவன் இப்போது தம்பியாகிவிட்டான். வார்டில் எல்லோருக்கும் அது கேட்டது.

"நான் யோசிக்கணும் ஐயா," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். சம்பந்தியும் ஐயாவாகிவிட்டார். "உடம்பைப் பாத்துக்கோங்க. ஆப்பிளைத் தோல் சீவிச் சாப்பிடுங்க."

அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். குழாய்ப் பையில் ஒரு சொட்டு விழுந்தது.

"உன்னை யார் சொல்லச் சொன்னாங்க?" என்றார் அப்பா கடைசியில். கோபமாகச் சொல்ல நினைத்தார், சரியாக வரவில்லை. "நான் உன் பேச்சைக் கேட்டு நடந்தேன்னு வார்டுக்கே சொல்லிட்டே. இனிமே என்னை யார் மதிப்பாங்க?"

"அப்பா, அண்ணன் கல்யாணம் தொங்கிக்கிட்டு நிக்குது."

"தெரியுது. தெரியாம என்ன." தலையைத் தொங்கப்போட்டார். ஆனால் அவரால் அடக்கமுடியவில்லை. கண்டக்டர் பக்கம் மெல்லத் திரும்பினார். "கேட்டீங்களா சார்? உன்கிட்டத்தான் வாயைத் தொறப்பேன்னு சொல்லிட்டுப் போறாங்க."

"கேட்டேன், கேட்டேன்," என்றார் கண்டக்டர். "மிச்சத்தையும் கேட்டேன்."

அப்போது அண்ணனின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். எடுக்கவில்லை. யார் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மருந்துக்கடை அம்மா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் அவர் மகளுக்கு, அண்ணனுக்குப் பேசிய பெண்ணுக்கு, சேதி போய்விட்டது.

"குடு இப்படி," என்று அப்பா கையை நீட்டினார். "நான் பேசறேன். மருந்து மயக்கத்துல ஏதோ உளறிட்டேன்னு சொல்லிக்கலாம். நீ பாவம், அப்பன் சொல்றானேன்னு..."

"வேண்டாம்பா. நீங்க பேசினா இன்னொரு எலி வந்துடும்."

அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வராந்தாவுக்குப் போனான். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. முதலில் ஒரு கையைத் தூணில் ஊன்றிக்கொண்டு பேசினான். பிறகு கையை எடுத்தான். மணிக்கட்டைச் சுற்றி எதையோ கட்டுவதுபோல விரலைச் சுழற்றினான். வார்டு பக்கம் கையைக் காட்டினான். அப்புறம் கையைத் தன் நெஞ்சில் வைத்தான், வைத்தபடியே தலையை ஆட்டிக் காட்டினான், அத்தை முன்னால் எப்படி ஆட்டினானோ அப்படி.

அப்பா விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். சின்னவள் முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

"என்ன சொல்றான்?"

"நடந்ததைச் சொல்றான்னு நெனைக்கறேன்."

"அவன் தலையாட்டினதையுமா?"

"அதைத்தான் இப்போ சொல்றான்."

"எல்லாத்தையும் சொல்றானா?"

"ஒண்ணும் விடலப்பா."

அப்பா கண்ணை எடுக்காமல் பார்த்தார். இந்த வார்டுக்கு வந்த நாளாக நர்ஸ், டாக்டர், பக்கத்துப் படுக்கை, எதிர்ப்படுக்கை என்று எல்லோரிடமும் அவர் அறிமுகம் செய்துவைத்தது மகளை மட்டும்தான் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கி வந்து சேர்த்தவன் அண்ணன். ராத்திரி தரையில் படுத்தவன் அண்ணன்.

"சார்," என்று அப்பா கண்டக்டரைக் கூப்பிட்டார். "அங்க நிக்கறான் பாருங்க. நீலச் சட்டை. அவன் என் பையன்."

கண்டக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "இன்னிக்குத்தான் தெரிஞ்சது சார். அதுவரைக்கும் உங்க கடையில வேலை பாக்கறவர்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்."

"பையன்," என்றார் அப்பா. "என் பையன்."

வெளியே அண்ணன் பேசி முடித்திருந்தான். போன் காதிலேயே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஏதோ வந்துகொண்டிருந்தது. அவன் குறுக்கே பேசவில்லை, தலையாட்டவில்லை, வார்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. நேராக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.